நேத்து உன் இடம் காலி

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாங் கிளாஸோட படிப்பு நின்னுபோச்சு. பிழை இருக்கும். முன்னாடி நடந்தது பின்னாடி வரும், பின்னாடி நடந்தது முன்னாடி வரும். மறதியும் சேர்ந்துபோச்சு. காலையில மாத்திரை போட்டேனா இல்லையான்னு டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன். பொறுத்துக்கணும்.

சபை மலருக்கு, பழைய ஆளுங்க எல்லாரும் மனசுல நிக்கற ஒருத்தரைப் பத்தி எழுதித் தரணும்னு வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க வீட்டுக்கே வந்து கேட்டாங்க. மத்தவங்க பழைய போதகரைப் பத்தி எழுதியிருப்பாங்க, பாட்டு சொல்லிக் கொடுத்தவரைப் பத்தி எழுதியிருப்பாங்க. எனக்கு நிக்கறது ஒரே ஒருத்தங்கதான். அவங்களை நினைச்சா முதல்ல திக்குன்னு இருக்கும். அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம். இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் திக்கு போகல. நீங்க இதை மலர்ல போடுவீங்களோ மாட்டீங்களோ, நான் எழுதிடறேன்.

பேரு எழுதல. அந்தக் காலத்துல மேற்குத் தாம்பரத்துல நம்ம சர்ச்சுக்கு வந்தவங்களுக்கு "டிக்கெட் அக்கா"ன்னா போதும். ஸ்டேஷன்ல டிக்கெட் கவுன்ட்டர்ல வேலை. அப்ப அட்டை டிக்கெட். கம்பிக்குள்ள இருந்து "எங்க? எத்தனை?"ன்னு ரெண்டு வார்த்தை கேட்பாங்க, மெஷின்ல டக்குன்னு தேதி குத்தித் தள்ளுவாங்க. நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. சர்ச்சுலயும் அதே பேச்சுதான். யாராவது "உடம்பு சரியில்லக்கா"ன்னா, "எங்க? எத்தனை நாளா?"ன்னு கேட்பாங்க. பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. "சிங்கிளா ரிட்டனான்னு கேக்கல பாரு."

ஒல்லி. உயரம். கல்யாணம் பண்ணிக்கல. கைக்கடிகாரத்தை மணிக்கட்டுக்கு உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பாங்க. சிட்லபாக்கத்துல ஏரிக்குப் பின்னாடி ஒரு வீட்டோட பின்பக்க போர்ஷன்ல தனியா இருந்தாங்க. சர்ச்சுல பொம்பளைங்க பக்கம், மூணாவது தூணுக்குப் பக்கத்துல உட்காருவாங்க. பாய்தான் அப்பல்லாம், பெஞ்சு கிடையாது.

நான் கல்யாணமாகி வந்த புதுசு. எங்க வீட்டுக்காரருக்குப் பல்லாவரத்துல தோல் ஷெட்டுல வேலை. நான் அந்தத் தூணுக்கு நேர் பின்னாடி, கடைசிப் பாய்ல உட்காருவேன். ஆசீர்வாதம் சொல்லி முடிச்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிடுவேன். யாராவது பேரு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். ஆறு ஏழு மாசம் அப்படியே போச்சு. நான் வர்றது யாருக்கும் தெரியாதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை போகல. மூணு மாசக் கரு கலைஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லல. சொல்றதுக்கும் யாரும் இல்ல. மறுநாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும், கதவு தட்டுற சத்தம். திறந்தா இவங்க, தோள்ல பை.

"நேத்து உன் இடம் காலி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "நீங்க யாருக்கா?"ன்னேன்.

"மூணாவது தூண். உனக்கு என் முதுகு தெரியும். உன் முகம் எனக்குத் தெரியாது. ஆனா பின்னாடி ஒருத்தர் குறைஞ்சா தெரியுது. தோல் ஷெட்டுக்காரர் வீடுன்னு விசாரிச்சு வந்தேன்."

உள்ள வந்தாங்க. என் முகத்தைப் பார்த்தாங்க. கஞ்சி வச்சாங்க. பாத்திரத்தைத் தேய்ச்சாங்க. எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்து வாசல்லயே நின்னுட்டார். "இன்னாமே இது? ரயில்வே அம்மா நம்ம வூட்டுச் சட்டியைத் தேய்ச்சுகினு கீது?"ன்னு என் காதுகிட்ட வந்து மெதுவா கேட்டார்.

அக்கா கிளம்பும்போது நான், "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்கக்கா"ன்னேன். நாமெல்லாம் அப்படித்தானே சொல்லி அனுப்புவோம், போயிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி.

"நாளைக்கு வரேன்"ன்னாங்க.

மறுநாள் வந்தாங்க. அதுக்கு அடுத்த நாளும் வந்தாங்க.

இதை இங்க கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும், ஏன்னா எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. யார் அவங்ககிட்ட "ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னு சொன்னாலும் அவங்க ஒரு தடவைகூட "சரி, பண்றேன்"னு சொன்னதில்ல. "வரேன்"ன்னுதான் சொன்னாங்க. நாங்கதான் அதை வேற மாதிரி காதுல வாங்கிக்கிட்டோம்.

திங்கக்கிழமை டியூட்டி முடிஞ்சதும் அவங்களுக்கு அதே வேலை. முந்தின நாள் யார் இடம் காலியோ அந்த வீட்டுக்குப் போவாங்க. குரோம்பேட்டைன்னாலும் போவாங்க, பெருங்களத்தூர்னாலும் போவாங்க. சபைச் செயலாளர் சார் ஒருதரம் பாட்டுக் குழுவோட சண்டை போட்டுக்கிட்டு வராம இருந்துட்டார். தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர், பெரிய குரல், எல்லாருக்கும் அவர்கிட்ட பயம். இவங்க நேரா போய் வாசல்ல நின்னுக்கிட்டு, "நேத்து உங்க இடம் காலி சார்"ன்னாங்களாம்.

"எனக்குத் தெரியாதாம்மா? நான்தானே வரல!"

"தெரிஞ்சா சரி. அடுத்த வாரம் வந்துடுங்க."

வந்துட்டார். அவரே இதை எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இன்னொண்ணு. மாசத்துல முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லாரும் எழுந்து அப்பமும் ரசமும் வாங்க முன்னாடி போகிற நேரத்துல அக்கா கைக்குழந்தைங்களை எல்லாம் வாங்கிக்கிட்டு வெளியில பாதாம் மரத்தடிக்குப் போயிடுவாங்க. இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணு, மடியில ஒண்ணு. எல்லாரும் அப்பம் வாங்கி முடிச்சு வந்த பிறகுதான் உள்ள வருவாங்க. "பிள்ளைக்காரிங்க நிம்மதியா வாங்கட்டும்னு தன் பங்கை விட்டுக்கொடுக்கறா, இதுவல்லவா ஊழியம்"னு போதகரோட சம்சாரமே சொன்னாங்க. ஏன் உங்க பங்கை ஒருநாள்கூட வாங்கல அக்கான்னு நாங்க யாரும் கேக்கல.

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கண்ணே திறக்கல. பெரிய டாக்டர் என்கிட்ட பேசாம எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் தனியா பேசினார். அதுலயே எனக்குப் பாதி உயிர் போச்சு. டிக்கெட் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். "ஜெபம் பண்ணச் சொல்லு"ன்னு.

வந்தாங்க. லீவு போட்டுட்டு வந்தாங்க. என் பொண்ணோட கால் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாதத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடினாங்க. உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துது. சத்தம் இல்ல. காலையில உட்கார்ந்தவங்க மத்தியானம் வரைக்கும் அசையல. மறுநாளும் வந்து அப்படியே உட்கார்ந்தாங்க. எனக்கு ஒரு வார்த்தை ஜெபம் வரல. ஆனா அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து, நமக்காக ஒருத்தங்க கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூணாம் நாள் மத்தியானம் பொண்ணு கண்ணைத் திறந்து, "தண்ணி"ன்னா.

நான் வாயே திறக்காதவள். உங்களுக்குத் தெரியும். அந்த ஞாயிறு சாட்சி சொல்ற நேரத்துல எழுந்து நின்னேன். "என் மகள் பிழைச்சது டிக்கெட் அக்கா ஜெபத்தால. ரெண்டு நாள் அவங்க கண்ணைத் திறக்காம ஜெபம் பண்ணதை நான் என் கண்ணால பார்த்தேன்"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். சர்ச்சே ஸ்தோத்திரம்னு சத்தம் போட்டுது. அக்கா திரும்பிப் பார்க்கல. முதுகு மட்டும் விறைச்சுக்கிட்டு இருந்துது.

முடிஞ்சதும் என் கையைப் பிடிச்சு அடிபம்பு பக்கம் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

"உள்ள என்ன சொன்னே நீ?"

"உண்மையைத்தானேக்கா சொன்னேன்."

"நான் ஜெபம் பண்ணல."

தன்னடக்கமா சொல்றாங்கன்னு நான் சிரிச்சேன்.

"சிரிக்காதே. நான் பண்ணல. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. இருபது வயசுலயே போயிடுச்சு. யார்மேலயும் கோவிச்சுக்கிட்டு இல்ல. ஒருநாள் கண்ணை மூடினேன், எதிர்ல யாரும் இல்லன்னு பட்டுது. அப்புறம் வரவே இல்ல."

"உதடு அசைஞ்சுதேக்கா?"

"பீச், கோட்டை, பார்க், எழும்பூர்..."ன்னாங்க. "தாம்பரம் வரைக்கும் பதினெட்டு ஸ்டேஷன். தாம்பரம் வந்ததும் திரும்ப பீச். சும்மா உக்கார எனக்குப் பயமா இருந்துது. உன் பொண்ணு கால் சில்லுன்னு இருந்துது. வாய் ஏதாவது சொல்லிக்கிட்டு இருந்தாத்தான் என்னால உக்கார முடியும். எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது அதான்."

நான் பம்பு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டேன். என்னென்னவோ ஓடுது. இவங்க கேக்கலேன்னா அப்ப என் பொண்ணுக்காக யார் கேட்டது? நான் கேக்கல, எனக்கு வார்த்தையே வரல. யாருமே கேக்காமலா அவ கண்ணைத் திறந்தா? ரெண்டு நாள் நான் பிடிச்சுக்கிட்டு நின்னது ரயில்வே ஸ்டேஷன் பேரையா? கோபம் வந்துது பாருங்க, அப்படி ஒரு கோபம் எனக்கு எங்க வீட்டுக்காரர்மேலகூட வந்ததில்ல.

"அப்ப இங்க எதுக்கு வர்றீங்க?"ன்னேன்.

"தாம்பரத்துக்கு மாத்தலாகி வந்த புதுசுல மஞ்சக்காமாலை. மூணு நாள் படுத்துக் கிடந்தேன். ஒருத்தர்கூடக் கதவைத் தட்டல. நாலாம் நாள் தட்டினாங்க. பார்த்தா உங்க சர்ச்சுலேர்ந்து வீடு வீடாப் போய்ப் பார்க்கற கூட்டம். 'தையல்காரம்மா வீடு இதானே?'ன்னாங்க. இல்லைன்னேன். தப்பான கதவு. ஆனா என்னைப் பார்த்துட்டுத் திரும்பிப் போகல, உள்ள வந்து கஞ்சி வச்சாங்க. அந்த ஞாயித்துக்கிழமை வந்தேன். அப்புறம் வந்துக்கிட்டே இருக்கேன்."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் எழுந்து, அந்தம்மா ஜெபத்தால இல்ல, ஆண்டவராலன்னு மட்டும் சொல்லிடு. என்னை அதுலேர்ந்து எடுத்துடு. அது போதும்"ன்னாங்க.

சரின்னேன். அடுத்த ஞாயிறு எழுந்திருக்கல. அதுக்கு அடுத்ததும் எழுந்திருக்கல. கூச்சம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கூச்சம் பாதிதான். சொன்னதைத் திருப்பி வாங்கினா பொண்ணுக்குக் காய்ச்சலும் திரும்பி வந்துடும்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். முட்டாள்தனம்னு இப்பத் தெரியுது. அப்பத் தெரியல.

மூணாவது வாரம் அக்காவே வந்து, "விடு. நீ பிள்ளைக்குப் பயப்படறே. நானும்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கல"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் அவங்ககிட்ட அதிகம் பேசறதை விட்டுட்டேன். அவங்க முதுகைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துது. இடத்தை மாத்திக்கிட்டு ஜன்னலோரம் போயிட்டேன்.

நான் சொன்ன சாட்சி ஊரெல்லாம் போச்சு. அக்காவைத் தேடி ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. ஆபரேஷன்னா டிக்கெட் அக்கா, பரீட்சைன்னா டிக்கெட் அக்கா. கவுன்ட்டர் கம்பிக்கு வெளியில நின்னு, "சைதாப்பேட்டை ரெண்டு, அக்கா, அப்படியே எங்க அம்மாவுக்காகவும் ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னு கேட்டவங்களும் உண்டு. எல்லாருக்கும் "வரேன்"தான். எல்லா இடத்துக்கும் போனாங்க. பெருங்களத்தூர்ல ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரர் ஈரல் கெட்டுப்போய்ப் படுத்துட்டார். அக்கா ஒரு வாரம் தினமும் போய் உட்கார்ந்தாங்க. அவர் இறந்துட்டார். அந்த அம்மா பார்க்கிறவங்ககிட்டயெல்லாம், "டிக்கெட் அக்கா பக்கத்துல ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கும்போதுதான் அவர் நிம்மதியா போனார். எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்"னு சொல்வாங்க. நான் கேட்டுக்கிட்டு நிப்பேன்.

ரெண்டு மூணு வருஷம் போச்சு. புதுப் போதகர் வந்தார். நல்லவர், வேகமான ஆளு. ஒரு ஞாயிறு அறிவிப்பு நேரத்துல, "இனிமே நம்ம ஜெபக் குழுவுக்கு நம்ம அன்புச் சகோதரி தலைமை தாங்குவாங்க"ன்னு அக்காவைக் கை காட்டினார். கைதட்டல்.

அக்கா எழுந்து நின்னாங்க. "வேணாங்க ஐயா."

"பார்த்தீங்களா, தாழ்மையை!"ன்னார் போதகர்.

"தாழ்மை இல்லீங்க. எனக்கு நம்பிக்கை இல்ல."

ஏதோ தமாஷ் பண்றாங்கன்னு கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. அக்கா சிரிப்பு அடங்கற வரைக்கும் நின்னாங்க. அப்புறம், கம்பிக்குள்ள இருந்து பேசற அதே குரல்ல, "எனக்கு ஜெபம் பண்ண வராது. நான் பண்ணதும் இல்ல. நீங்க பண்ணும்போது கண்ணை மூடிப்பேன், அது உங்களுக்கு மரியாதை. இதுநாள் வரைக்கும் யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப இதை வாங்கிக்கிட்டா பொய்யாயிடும்"ன்னாங்க.

ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து செயலாளர் சார் எழுந்தார். "அப்ப இத்தனை வருஷமா இங்க எதுக்கும்மா வந்தே? இது என்ன கிளப்பா?"

"நீங்கல்லாம் வருவீங்கன்னு வந்தேன் சார்."

திடீர்னு பெருங்களத்தூர் அம்மா எழுந்து, "அப்ப எங்க வூட்டுக்காரர் போகும்போது யாருமே ஜெபம் பண்ணலியா? யாருமே பண்ணலியா?"ன்னு கத்தினாங்க. அந்தச் சத்தம் இப்பவும் என் காதுல இருக்கு. அக்கா மெதுவா பாய்ல உட்கார்ந்துட்டாங்க.

அப்ப என் பேரை இழுத்திருக்கலாம். "முதல்ல பொய்யாச் சாட்சி சொன்னது அதோ ஜன்னலோரம் உக்காந்திருக்கா, அவளைக் கேளுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. நான் தலையைக் குனிஞ்சு பாய்க்கோரையை எண்ணிக்கிட்டு இருந்தேன்.

கமிட்டி கூடி முடிவு சொல்லிச்சு. அடுத்த ஞாயிறு படிக்கட்டுல வச்சுச் செயலாளர் சார் அக்காகிட்ட சொன்னார். "வரலாம். உக்காரலாம். யாரும் தடுக்கல. ஆனா வீடுகளுக்குப் போகக் கூடாது. நோயாளிகிட்டப் போகக் கூடாது."

"உக்காரலாம். போகக் கூடாது"ன்னு அக்கா திருப்பிச் சொன்னாங்க, டிக்கெட் கேக்கறவங்க சொன்னதைச் சரிபார்க்கற மாதிரி. "சரி சார்." அன்னைக்கு உள்ள வரல. படியிலேர்ந்தே இறங்கிப் போயிட்டாங்க.

அடுத்த வாரம் மூணாவது தூண்கிட்ட இடம் காலி. அதுக்கு அடுத்த வாரமும் காலி. நெருக்கடியில கூட அந்த இடத்துல யாரும் உட்காரல. ஆனா திங்கக்கிழமை யாரும் கிளம்பிப் போய் அந்தக் கதவைத் தட்டவும் இல்ல. நாங்கல்லாம் நம்பிக்கை உள்ளவங்க.

நடுவுல ஒருநாள் நான் பல்லாவரம் சந்தைக்குப் போக ஸ்டேஷனுக்குப் போனேன். வேற கவுன்ட்டர் திறக்கல. கம்பிக்குள்ள கையை விட்டேன்.

"எங்க? எத்தனை?"

"பல்லாவரம். ஒண்ணு."

டக்குன்னு குத்தினாங்க. டிக்கெட்டைத் தள்ளும்போது, நிமிராமலே, "பொண்ணு நல்லாருக்காளா?"ன்னாங்க.

"ம்"ன்னேன். பின்னாடி வரிசை நின்னுது. அந்த வரிசையைச் சாக்கா வச்சு நகர்ந்துட்டேன்.

மூணு ஞாயிறு அப்படிப் போச்சு. அடுத்த திங்கக்கிழமை திரும்ப ஸ்டேஷனுக்குப் போறேன், அந்த கவுன்ட்டர்ல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கார். "அந்த அம்மா எங்க சார்?"ன்னேன். நானா கேட்டேன்னு எனக்கே ஆச்சரியம். "ரெண்டு நாளா டியூட்டிக்கு வரல. தகவலும் இல்ல. எங்க போகணும், சொல்லுங்க"ன்னார்.

நான் எங்கயும் போகல. திரும்பி நடந்தேன். அக்கா தகவல் சொல்லாம லீவு போடறவங்க இல்ல. சர்ச்சுல காலி, கவுன்ட்டர்லயும் காலி. சானடோரியம் வழியா சிட்லபாக்கத்துக்கு நடந்தே போனேன். என்னவோ பஸ்ஸுக்கு நிக்கத் தோணல. ஏரிக்கரை திரும்பறதுக்குள்ள ஓட ஆரம்பிச்சுட்டேன்.

முன்பக்கம் பூட்டியிருந்துது, வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருக்காங்க. பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். உள்ள தாழ்ப்பாள். தட்டிக்கிட்டே இருந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல. வாயில வந்தது இதுதான்:

"அக்கா! உங்க இடம் காலியா இருக்குக்கா!"

உள்ளேர்ந்து ஒரு முனகல்.

எதிர்வீட்டு ஆள் வந்து தோளால இடிச்சுத் தாழ்ப்பாளைப் பேத்தார். குளியலறை வாசல்ல கிடந்தாங்க. முந்தாநாள் காலையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிருக்கு. ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி. குடிக்க ஒரு சொட்டு இல்லாம, அசைய முடியாம, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய். கடிகாரம் கையில ஓடிக்கிட்டு இருந்துது. அவங்க கண்ணை நான் பார்த்தேன் பாருங்க. ஆண்டவரே. முதல்ல ஒரு தடவை மூணு நாள் யாரும் தட்டாம, நாலாம் நாள் தட்டினதாலதான் அவங்க எங்ககிட்டயே வந்தாங்க. திரும்பவும் அதே கதவு. இந்தத் தடவை நாங்க சரியான கதவு தெரிஞ்சும் தட்டல.

எதிர்வீட்டு ஆள் வண்டி பிடிக்க ஓடினார். நான் தரையில உட்கார்ந்து அவங்க தலையை மடியில வச்சுக்கிட்டு, ஸ்பூன்ல தண்ணி விட்டேன். கை சில்லுன்னு இருந்துது. ஜெபம் பண்ணணும்னு கண்ணை மூடினேன். வரல. ஒரு வார்த்தை வரல. சும்மா உட்கார முடியல. என்ன பண்ணேன்னு நினைக்கறீங்க?

"பீச், கோட்டை, பார்க், எழும்பூர், நுங்கம்பாக்கம்..."

மடியில உதடு அசைஞ்சுது. குனிஞ்சு காதை வச்சேன்.

"சேத்துப்பட்டு"ன்னாங்க. "விட்டுட்டே."

அந்த ஞாயித்துக்கிழமை நான் வாழ்க்கையில ரெண்டாந்தரம் சர்ச்சுல எழுந்து நின்னேன். என்னென்னவோ சொல்லணும்னு வீட்டுல பழகிக்கிட்டு வந்தேன். என் சாட்சி தப்புன்னு சொல்லணும், மூணு வாரமா நாம எங்க போனோம்னு கேக்கணும்னு இருந்தேன். எழுந்ததும் எல்லாம் போச்சு. "டிக்கெட் அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க. இடுப்பு ஒடிஞ்சு ரெண்டு நாள் யாரும் பார்க்காம வீட்டுல கிடந்தாங்க. பார்க்கிற நேரம் நாலுலேர்ந்து ஆறு"ன்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன்.

நாலு மணிக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு இருந்தேன். நாலு பத்துக்குச் செயலாளர் சார், கையில ஃபிளாஸ்க். பின்னாடி அவர் சம்சாரம். அப்புறம் பாட்டுக் குழுப் பிள்ளைங்க. அப்புறம் போதகர். வார்டுல இடம் போதல, நர்ஸம்மா திட்டினாங்க. செயலாளர் சார் கட்டில் பக்கத்துல போய் நின்னு, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, அவ்வளவு பெரிய குரல் இருக்கறவர், ரொம்பச் சின்னதா, "மூணு வாரமா உங்க இடம் காலிம்மா"ன்னார்.

"தெரியும் சார். நான்தானே வரல"ன்னாங்க அக்கா.

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்புறம், "நான் ஜெபம் பண்ணலாமா? உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா"ன்னார்.

"பண்ணுங்க சார். நான் கண்ணை மூடிக்கறேன்."

சார் ஜெபம் பண்ணார். எல்லாரும் கண்ணை மூடினாங்க. நான் மூடல. அக்காவோட உதட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அசைஞ்சுது. எந்த ஸ்டேஷன்ல போய்க்கிட்டு இருக்காங்கன்னு எனக்கு மட்டும் தெரியும்.

பெருங்களத்தூர் அம்மாவும் வந்தாங்க. உள்ள போகல. வராந்தாவுல என் பக்கத்துல நின்னாங்க. "எனக்குக் கோபம் போகல. போகாது. சும்மா வந்தேன்"னாங்க. ஆறு மணி அடிக்கற வரைக்கும் நின்னுட்டுப் போனாங்க. மறுநாளும் வந்து அதே இடத்துல நின்னாங்க.

அப்புறம் அக்கா ஊன்றுகோலோட சர்ச்சுக்கு வந்தாங்க. பாய்ல உட்கார முடியாதுன்னு தூண் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டோம். இப்ப இருக்கற பெஞ்சுக்கெல்லாம் முன்னாடி வந்த நாற்காலி அதுதான். கமிட்டி முடிவு என்னாச்சுன்னு யாரும் பேசல. முதல் ஞாயித்துக்கிழமைகள்ல அக்கா பாதாம் மரத்தடியில உட்கார்ந்துப்பாங்க, நாங்க பிள்ளைங்களைக் கொண்டுபோய் மடியில விடுவோம். ஒரு தடவைகூட அப்பம் வாங்கல. யாரும் வாங்கச் சொல்லவும் இல்ல. நான் ஜன்னலோரத்தை விட்டுட்டு அவங்க பின்னாடியே திரும்ப வந்துட்டேன்.

ரிட்டயர் ஆனதும் அவங்க தம்பி நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். தொண்ணூத்தெட்டுன்னு நினைக்கறேன், ஒரு கார்டு வந்துது. அக்கா காலமாயிட்டாங்கன்னு தம்பி எழுதியிருந்தார். அடக்கத்துல யார் ஜெபம் பண்ணாங்க, பண்ணாங்களா இல்லையான்னு எழுதல. நானும் கேட்டு எழுதல. கேக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல.

இதை மட்டும் யார்கிட்டயும் சொன்னதில்ல, இங்க எழுதிடறேன். நான் நம்பிக்கை உள்ளவதான். காலையும் மாலையும் முழங்கால் போடறேன், இப்ப முழங்கால் முடியாம கட்டில்ல உட்கார்ந்துக்கறேன். ஆனா எங்க வீட்டுக்காரர் சாகக் கிடந்தபோதும், பேத்திக்கு ஆபரேஷன் நடந்தபோதும், கண்ணை மூடினா எனக்கு வந்தது வேதத்துல உள்ள வார்த்தை இல்ல. பீச், கோட்டை, பார்க்னுதான் வந்துது. திக்குன்னு ஆயிடுச்சு. நிறுத்தப் பார்த்தேன், நிக்கல. அது ஜெபமா, பாவமா, போதகரைக் கேக்கவும் கூச்சமா இருக்கு. எதுவா இருந்தாலும், போய் உட்கார்ந்துட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

மலர்ல போடறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் இதைச் சரிபார்க்கணும். வருஷமெல்லாம் எனக்கு நிச்சயமில்ல. திரிசூலம் ஸ்டேஷன் என் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது இருந்துதா, அப்புறம் வந்துதான்னு சந்தேகம். முக்கியமா இது: அக்கா பதினெட்டுன்னு சொன்னாங்க. எனக்கு எத்தனை தடவை விரல் விட்டாலும் பதினேழுதான் வருது. பீச், கோட்டை, பார்க், எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். தினம் அந்த ரயில்ல போற பிள்ளைங்க யாராவது பார்த்து, எந்த இடம் காலின்னு வீட்டுக்கு வந்து சொல்லுங்க. திங்கக்கிழமை வந்தாலும் சரி.